ஆறுதலாச் சாப்பிடுவம்: கேள்வி பதில்

வன்னியில் கனகாலம் குடும்பநல உத்தியோகத்தராக இருந்த அக்காவிடம் அவசரப்படாமல் சாப்பிடுறதைப் பற்றிக் கேட்டவையும், அவ சொன்னவையும்.

பரந்தன்: அக்கா, என்ர மனுசன் ஐஞ்சு நிமிசத்தில சாப்பிட்டு எழும்பிடுவார். பிள்ளையளும் அவரைப் பாத்து அப்பிடியே.

வயிறு நிறைஞ்சது மூளைக்குத் தெரிய 20 நிமிசம் போல எடுக்கும். அதுக்குள்ள மனுசன் ரண்டாந்தரம் சோறு போட்டிருப்பார். ‘மென்று சாப்பிடுங்கோ’ எண்டு கத்தினால் ஆரும் கேக்கமாட்டினம். அவற்ற கையைப் பாருங்கோ: வாயில ஒரு கவளம் இருக்கேக்கயே விரல் அடுத்ததைக் குழைக்கும். அதை மட்டும் நிப்பாட்டச் சொல்லுங்கோ. சாப்பாட்டையும் மாத்துங்கோ. மொட்டைக்கருப்பன் சிவப்பரிசிச் சோத்தை மெல்லாமல் விழுங்கேலாது. ஒடியல் மாவில நண்டு, மீன் போட்டுக் காய்ச்சிற ஒடியல் கூழ் இன்னும் திறம். கொதிக்கக் கொதிக்கப் பனையோலைப் பிளாவில வாத்தால் ஆர் கெதியாக் குடிக்கிறது? ஊதி ஊதி, நண்டுக்காலை உறிஞ்சி, வட்டமா இருந்து கதைச்சு ஒரு மணித்தியாலம் போயிடும். கச்சானை (நிலக்கடலையை) மட்டும் 5 வயசுக்குள்ள முழுசாக் குடுக்காதேங்கோ, புரைக்கேறும்.

முல்லைத்தீவு: மூண்டு வயசு மகள் ஃபோன் இல்லாட்டி வாய் திறக்கிறாள் இல்லை.

படத்தைப் பாத்து வாய் திறக்கிற பிள்ளைக்குத் தன்ர பசியும் தெரியாது, போதுமெண்டதும் தெரியாது. 2 முதல் 4 வயசுப் பிள்ளைக்கு நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல திரை வேண்டாமெண்டு உலக சுகாதார நிறுவனம் 2019இல சொன்னது. ஃபோனை எடுத்தால் சில நாள் அழுவாள், குறைவாத்தான் சாப்பிடுவாள். பொறுங்கோ.

மாங்குளம்: ஒன்றரை வயசு, காட்டூன் போட்டால்தான்…

மேல சொன்னதுதான், ஆனா இந்த வயசுக்கு ஒரு மணித்தியாலமும் இல்லை, திரையே வேண்டாம்.

மல்லாவி: ரீவி எண்டால் பறவாயில்லையோ?

ஃபோனைவிடப் பெரிசு, அவ்வளவுதான்! இனி இதைக் கேக்காதேங்கோ.

புதுக்குடியிருப்பு: மாமி பேரனைக் கோப்பையில ஒரு சோறு மிச்சம் விட விடமாட்டா. 2009 யுத்தத்தில கஞ்சிக்கு லைனில நிண்டவ.

மாமியில பிழை சொல்லமாட்டன். பசி கிடந்த ஆளுக்கு மிஞ்சின சோறு நெஞ்சில குத்தும். சண்டை பிடியாமல் முதல்ல ஒரு கரண்டி மட்டும் போடச் சொல்லுங்கோ, அதுவும் மாமியின்ர கையால. அவன் கேட்டால் இன்னொண்டு.

செட்டிகுளம் ஐயா ஒருத்தர்: முகாமில லைனில நிண்டு வாங்கினதை நாங்கள் மிச்சம் விட்டனாங்களோ? சோத்தின்ர அருமை தெரிய வேண்டாமோ?

தெரியத்தான் வேணும், ஐயா. வெட்டு நேரம் வயலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. வயிறு நிறைஞ்சவனுக்கு வெருட்டித் தீத்தினால் சோத்தில வெறுப்புத்தான் வரும்.

ஐயா: அப்ப மிஞ்சினதை என்ன செய்யிறது?

பானையில மிஞ்சினதுக்குத் தண்ணி ஊத்துங்கோ, விடியப் பழஞ்சோறு. கோப்பையில மிஞ்சினது கோழிக்கு.

ஐயா: எங்களிட்டக் கோழி இல்லை.

அப்ப அரைக்கரண்டி போடுங்கோ ஐயா!

வவுனியா: அப்பாக்கு விழுங்கேக்க அடிக்கடி புரைக்கேறுது, மெலிஞ்சும் போனார். ஆறுதலாச் சாப்பிட்டால் சரிவருமோ?

இல்லை. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.

ஒட்டுசுட்டான்: பிள்ளையளுக்கு இதை விளையாட்டாப் பழக்கேலாதோ?

பாலைப்பழக் காலத்தில ஆளுக்கு ஒரு பிடி குடுங்கோ. பால் உதட்டில ஒட்டும், கொட்டையைத் துப்பவேணும், அவதிப்பட்டுத் தின்னேலாது. ஆர் கடைசியா முடிக்கிறதோ அவர்தான் வெண்டவர். சின்னனுக்குக் கொட்டையை எடுத்திட்டுக் குடுங்கோ. அதுவும் கச்சான் மாதிரித்தான்.