துபாய்க்கு ரெண்டரை மணிக்கூரா, அஞ்சரை மணிக்கூரா? – வாசகர் கேள்வி பதில்

தக்கலை வாசகி: துபாய்ல இருக்க மகன் வீட்டுக்கு மொதல் தடவையா போறேன். டிக்கெட்ல திருவனந்தபுரத்துல காலைல 10 மணிக்கு ஏறுனா 12.30க்கு துபாய்னு போட்டிருக்கு. திரும்பி வர்றதுக்கு அங்க 10 மணிக்கு ஏறுனா இங்க சாயங்காலம் 3.30 ஆவுது. போக ரெண்டரை மணிக்கூர், வர அஞ்சரை மணிக்கூரா? வர்ற பிளைட் சுத்திக்கிட்டு வருமோ?

பதில்: சுத்தலாம் செய்யாதுக்கா, ரெண்டு பக்கமும் சுமாரா 4 மணி நேரந்தான். டிக்கெட்ல ஏறுற நேரம் ஏறுற ஊரு நேரம், இறங்குற நேரம் இறங்குற ஊரு நேரம், இத யாரும் எடுத்துச் சொல்றதில்ல அதான் குழப்பம். துபாய் நம்மள விட ஒன்னரை மணி நேரம் பின்னாடி, அதனால போறப்ப 4ல ஒன்னரை கழிஞ்சு ரெண்டரையாத் தெரியுது, வர்றப்ப ஒன்னரை கூடி அஞ்சரையாத் தெரியுது. தூரம் நேர்கணக்குல 2,950 கிலோமீட்டர் பக்கம் வரும். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம்னு வச்சா மூன்றரை மணி நேரத்துலயே முடியணும், ஆனா ரன்வே வரைக்கும் மெதுவா ஊர்ந்து போறது, மேல ஏறுறது, இறங்க வரிசையில காத்துக்கிடக்கறது எல்லாம் சேந்துதான் 4 ஆகுது. வீட்டுலருந்து கிளம்புற நேரத்தைத்தான் நீங்க கவனமாப் பாக்கணும். ஏர்போர்ட்ல 3 மணி நேரம் முன்னாடி நிக்கணும், தக்கலைலருந்து 50 கிலோமீட்டர் சொச்சந்தான்னாலும் மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம்னு ஒவ்வொரு எடத்துலயும் வண்டி நின்னு நின்னுதான் போவும், அதனால விடியக்காலம் நாலரைக்கெல்லாம் கார்ல ஏறிடுங்க. டிரைவர்கிட்ட சாக்கை டெர்மினல்னு சொல்லணும், சங்குமுகம் பக்கம் உள்ளது உள்நாட்டு பிளைட்டுக்கு.

குளச்சல் மாணவர்: பூமி கிழக்கு நோக்கித்தானே சுத்துது, அப்ப மேற்க போற பிளைட் சீக்கிரம் போயிரணுமே?

பதில்: பூமி சுத்துறப்ப காத்தும் கூடவே சுத்துதே தம்பி. ஓடுற ரயிலுக்குள்ள பந்தை மேல தூக்கிப் போட்டா திரும்ப கையிலதான் வந்து விழும். வித்தியாசம் வர்றது உயரத்துல வீசுற காத்தாலதான். குளிர்காலத்துல வடக்குப் பக்கம் உயரத்துல மேற்கருந்து வீசுற காத்து பலமா இருக்கும், வளைகுடாலருந்து நம்ம ஊருக்கு வர்ற பிளைட்ட அது தள்ளிவிடும். தென்மேற்குப் பருவக்காலத்துல கீழ மழைக்காத்து மேற்கருந்து வந்தாலும், தென்னிந்தியாவுக்கு மேல ரொம்ப உயரத்துல காத்து கிழக்கருந்து வீசும்.

கருங்கல் வாசகர்: பங்குனில அண்ணனோட மஸ்கட் பிளைட்ட சாயங்காலத்துலருந்து ராத்திரிக்கு மாத்திட்டாங்க, கோயில் காரணம்னாங்க. நெசமா?

பதில்: நெசந்தான். பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு, அதாவது சாமியைக் கடல்ல நீராட்டக் கொண்டுபோற ஊர்வலம், சங்குமுகம் கடலுக்குப் போறது திருவனந்தபுரம் ஏர்போர்ட் ரன்வேயைக் கடந்துதான். 1932ல அங்க விமானத்தளம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அந்தப் பாதை உண்டு, அதனால வருஷத்துக்கு ரெண்டு நாள், பங்குனிலயும் ஐப்பசிலயும், சாயங்காலம் ஒரு அஞ்சு மணி நேரம் ரன்வேயை மூடிடுவாங்க. விமானக் கம்பெனிகளுக்கு முன்கூட்டியே அறிவிப்பு போயிரும், அதுக்கேத்தாப்ல நேரத்தை மாத்துவாங்க. அந்த ரெண்டு மாசத்துல சாயங்கால டிக்கெட் போடுறவங்க ஆராட்டு என்னைக்குன்னு பஞ்சாங்கத்துல ஒருக்கப் பாத்துட்டு, புக் பண்ணுறப்ப குடுத்த போன்ல வர்ற மெசேஜையும் விடாம கவனிங்க.