வரப்பில் வளை தோண்டும் பட்டைத் தேனீயும், கையில் அமரும் கறுப்புத் தேனீயும்

கேள்வி: கத்தரி பயிரிட்டுள்ள நிலத்தின் வரப்பில், புல் முளைக்காத ஓரிடத்தில், நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு துளைகள் தோன்றியுள்ளன. ஒவ்வொரு துளையையும் சுற்றி எறும்புப் புற்றைப் போல மண் பொடி குவிந்திருக்கிறது. கறுத்த உடலில் நீலப்பச்சைப் பட்டைகள் உள்ள தேனீக்கள் காலை வேளையில் அவற்றுள் போய் வருகின்றன. களையெடுக்கும்போது அவையே எங்கள் முழங்கையில் அமர்ந்து வியர்வையை நக்குகின்றன. இவை வேரைக் கடிக்குமா? துளைகளில் மருந்து ஊற்றலாமா? நான்கு படங்களை இணைத்துள்ளேன். இனத்தின் பெயரைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில்: முதலில் அவசரமான செய்தியைச் சொல்லிவிடுகிறேன்: துளைகளில் எந்த மருந்தையும் ஊற்ற வேண்டாம். இத்தேனீக்கள் மகரந்தத்தையும் பூந்தேனையும் தவிர வேறெதையும் உண்பதில்லை. வளை தோண்டும்போது வெளியே தள்ளுவது வெறும் மண்தான், வேருக்கு அவற்றால் தீங்கில்லை. உங்கள் கத்தரியில் காய் பிடிப்பதற்கு இவை துணை செய்கின்றன என்றே கருத வேண்டும். அதற்கான காரணத்தைப் பின்னர் விளக்குகிறேன்.

இனி பெயருக்கு வருவோம். நீங்கள் ஒரே தேனீ என்று எண்ணி அனுப்பிய படங்களில் இரண்டு வெவ்வேறு தேனீக்கள் இருக்கின்றன. முதல் மூன்று படங்களில் இருப்பது பட்டைத் தேனீ. முழங்கையில் எடுத்த நான்காவது படத்தில் இருப்பதோ அதில் பாதி நீளமே உள்ள, பட்டையில்லாத, மங்கிய கறுப்பு நிறச் சிறு தேனீ. இரண்டும் ஹாலிக்டிடே என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் குழப்பம் இயல்பானதே. வியர்வையிலுள்ள உப்பை நாடி வரும் பழக்கம் இக்குடும்பத்தின் பல இனங்களுக்கு உண்டு. அதனால்தான் இவற்றை வியர்வைத் தேனீ என்கிறோம். ஆனால் வியர்வையை நக்குகிறது என்பதை மட்டும் வைத்துக் குடும்பத்தை முடிவு செய்துவிடக் கூடாது, ஏனெனில் கொட்டாத கொசுத்தேனீயும் அதே வேலையைச் செய்யும்.

குடும்பத்தை உறுதி செய்ய நான் பார்த்தது சிறகு. மூன்றாவது படத்தில் வலப்புற முன்சிறகு வெயிலில் விரிந்து நிற்பது நல்வாய்ப்பு. முன்சிறகின் நடுப்பகுதிக்குச் சற்று உட்புறமாகக் குறுக்கே ஓடும் ஒரு நரம்பு உண்டு. அதை அடிநரம்பு என்போம். பெரும்பாலான தேனீக்களில் அது ஏறக்குறைய நேராகவோ இலேசாகச் சாய்ந்தோ இருக்கும். ஹாலிக்டிடே குடும்பத்தின் பெரும்பான்மையான இனங்களில் அது நாணேற்றிய வில்லைப் போலத் தெளிவாக வளைந்திருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த வளைவு உங்களுக்கே புலப்படும். பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை ஒன்று இருந்தால், இறந்து கிடக்கும் தேனீயிலும் இதைச் சோதித்துக்கொள்ளலாம். கொசுத்தேனீயின் சிறகிலோ நரம்புகள் பெருமளவு குறைந்து போயிருக்கும். எனவே அந்த ஐயமும் இதே இடத்தில் தீர்ந்துவிடுகிறது.

உலகில் ஏறத்தாழ 4,500 இனங்களைக் கொண்ட இக்குடும்பம் ரோஃபிட்டினே, நோமியினே, நோமியாய்டினே, ஹாலிக்டினே என நான்கு துணைக்குடும்பங்களாகப் பிரிக்கப்படுகிறது. உங்கள் பட்டைத் தேனீயை நோமியினேவில் வைக்க இரண்டு சான்றுகள் உள்ளன. முன்சிறகின் மேல்விளிம்பை ஒட்டி வரிசையாக அமைந்த மூன்று சிற்றறைகளில் நடு அறை சிறியது. மூன்றாம் அறை ஏறத்தாழ முதல் அறையின் நீளத்துக்கு இருக்கிறது. ஹாலிக்டினே துணைக்குடும்பத்தில் மூன்றாம் அறை முதல் அறையைவிடத் தெளிவாகக் குட்டையாக இருக்கும். இரண்டாவது சான்று அந்தப் பட்டைகளே, ஆனால் பட்டை இருக்கிறது என்பது சான்றாகாது; பட்டை எதனால் ஆனது என்பதே சான்று.

இவ்விடத்தில் ஒரு முறை நானே வழுக்கி விழுந்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீலப்பட்டை கொண்ட ஒரு தேனீயின் மங்கலான படத்தைப் பார்த்துவிட்டு, இதுவும் நோமியினேவைச் சேர்ந்த நோமியா என்ற பேரினம்தான் என்று அவசரப்பட்டு எழுதிக் கொடுத்தேன். பின்னர் அதே தேனீ ஊசியில் குத்திய நிலையில் கைக்கு வந்தபோது, அது வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த அமெஜில்லா என்ற தேனீ என்று தெரிந்தது. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுடையவை, இரண்டும் மண்ணில் வளை தோண்டுபவை, இரண்டும் கத்தரிப் பூவுக்கு வருபவை. ஆயினும் அமெஜில்லாவின் நீலப்பட்டை அடர்ந்த மயிரால் ஆனது. நாளடைவில் மயிர் உதிர உதிரப் பட்டையும் நைந்துபோகும். நோமியாவின் பட்டை உடல் ஓட்டின் நிறமே ஆகும். வயிற்றுக் கண்டங்களின் பின்விளிம்பில், சிப்பியின் உட்புறம் போல, மயிரின்றி மழமழப்பாக, பார்க்கும் கோணத்துக்கேற்ப நீலமாகவும் பச்சையாகவும் மின்னும். உங்கள் இரண்டாவது படத்தில் பட்டையின் மேல் ஒரு வெளிச்சப் புள்ளி பளிச்சிடுகிறதே, மயிர்ப்பட்டையில் அவ்வாறு ஒளி தெறிக்காது. மேலும் அமெஜில்லா நீண்ட நாக்கு உடையது, பூவின் முன் அந்தரத்தில் நின்று சட்டென்று பாய்ந்து செல்வது. நோமியாவின் நாக்கு குட்டையானது, பறப்பும் அவ்வளவு துடிப்பானதன்று.

ஆக, நோமியா என்ற பேரினம் வரை தயக்கமின்றி வந்துவிட்டோம். இப்பேரினத்தை லத்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் 1804-இல் நிறுவினார். இதற்கு அடுத்த படியில்தான் நிதானம் வேண்டும். மின்னும் பட்டைகளும் மார்பின் பின்பகுதியில் முள் போன்ற நீட்சிகளும் கொண்ட ஒரு பிரிவு ஹோப்லோநோமியா எனப்படுகிறது. அதைத் தனிப் பேரினமாகக் கொள்வோரும் உண்டு; உலகத் தேனீக்களின் வகைப்பாட்டைத் தொகுத்த சார்லஸ் மிச்செனர் அதை நோமியாவுக்குள் ஒரு துணைப்பேரினமாகவே வைத்தார். ஒரே பூச்சி ஒரு நூலில் நோமியா என்றும் மற்றொன்றில் ஹோப்லோநோமியா என்றும் குறிக்கப்படுவதைக் கண்டு குழம்ப வேண்டாம். அது வகைப்படுத்துவோரின் கருத்து வேறுபாடு மட்டுமே. உங்கள் தேனீ அப்பிரிவைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும். எனினும் இதே போன்ற பட்டைகள் நோமியாவின் வேறு துணைப்பேரினங்களிலும் உண்டு. மார்பின் பின்பகுதி நான்கு படங்களிலும் சிறகால் மறைந்திருக்கிறது. ஆகவே சிற்றினப் பெயரைச் சொல்வதற்கு இப்போது என்னிடம் ஆதாரம் இல்லை; ஊகித்து ஒரு பெயரைத் தந்துவிட்டால், அப்பெயர் உங்கள் குறிப்பேட்டிலிருந்து இன்னொருவரின் பட்டியலுக்குப் போய் உண்மையாகவே நிலைத்துவிடும்.

முழங்கையில் அமர்ந்த சிறு தேனீயைப் பற்றி: அதன் சிறகின் வெளிப்புற நரம்புகள் உட்புற நரம்புகளைவிட வெளிறி மெலிந்திருக்கின்றன, வயிற்றுக் கண்டங்களின் முன்பகுதியில் மட்டும் இலேசான வெண்மயிர் தெரிகிறது. இவ்விரண்டும் லாசியோகிளாசம் என்ற பேரினத்தைச் சுட்டுகின்றன. இதன் நெருங்கிய உறவான ஹாலிக்டஸ் பேரினத்தில் நரம்புகள் சமமாகத் தடித்திருக்கும். மயிர்ப்பட்டைகள் கண்டங்களின் பின்விளிம்பில் இருக்கும். லாசியோகிளாசத்தில் 1,700-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. படத்தைக் கொண்டு அதில் சிற்றினம் காண முயல்வது வைக்கோற்போரில் ஊசி தேடுவதாகும். அதன் கொட்டுக்கு அஞ்ச வேண்டாம். பெண் மட்டுமே கொட்டும், அதுவும் ஆடைக்கும் தோலுக்கும் இடையில் நசுங்கினால்தான். பூச்சிக் கொட்டுகளின் வலியைத் தரப்படுத்திய ஜஸ்டின் ஷ்மிட் வளர்ப்புத் தேனீயின் கொட்டுக்கு 2 என்றும் வியர்வைத் தேனீயின் கொட்டுக்கு 1 என்றும் மதிப்பிட்டார்.

நாற்பது துளைகள் இருப்பதால் இது ஒரு கூட்டுக் குடும்பம் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். நோமியா ஒரே தெருவில் குடியிருந்தாலும் உலை தனித்தனி என்று வாழும் உயிர். பொதுவாக ஒரு வளை ஒரு பெண்ணுக்குரியது. அதில் அரசியும் இல்லை, வேலைக்காரியும் இல்லை. செங்குத்தான வளையின் அடியில் சிற்றறைகளைக் குடைந்து, தன் உடலில் சுரக்கும் நீர் புகாத பொருளால் உட்சுவரைப் பூசி, மகரந்தத்தைப் பூந்தேனில் பிசைந்து உருண்டையாக்கி வைத்து, அதன் மேல் ஒரு முட்டையிட்டு அறையை மூடிவிடுகிறது. புழு அந்த உருண்டையைத் தின்றே வளர்கிறது. அடுத்த தலைமுறை முழுவதும் வரப்பு மண்ணுக்குள்தான் இருக்கிறது என்பதால், மேலே தேனீ நடமாட்டம் நின்றுவிட்ட காலத்திலும் அவ்விடத்தை வெட்டிக் கிளறுவதும், நாட்கணக்கில் நீர் தேங்க விடுவதும் கூடாது. துளைகளின் அருகே சிவந்த வயிறும் மயிரற்ற உடலும் கொண்ட ஒரு தேனீ சுற்றித் திரிந்தால், அது பெரும்பாலும் ஸ்ஃபெகோடெஸ் என்ற திருட்டுத் தேனீயாக இருக்கும். அதுவும் ஹாலிக்டிடே குடும்பத்ததே; ஆனால் மகரந்தம் சேர்க்காமல் உறவினரின் வளைக்குள் புகுந்து முட்டையிட்டுவிடும். அதை மூன்றாவது இனமாகக் குறித்துக்கொள்ளுங்கள், விரட்ட வேண்டியதில்லை.

கத்தரிக்கு இவற்றால் என்ன பயன் என்பதற்கு வருகிறேன். கத்தரிப் பூவின் மகரந்தப்பைகள் பக்கவாட்டில் வெடித்துத் திறப்பதில்லை. நுனியிலுள்ள சிறு துளை வழியாகவே தூளை வெளியிடுகின்றன, உப்புக் குப்பியைக் குலுக்குவது போல. நோமியா மகரந்தப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சிறகை அசைக்காமல் பறப்புத் தசைகளை மட்டும் அதிரவிடும். காலையில் பூவருகே நின்று காது கொடுத்தால், பறக்கும் ஒலி நின்று, அதைவிடக் கூர்மையான ஒரு குறுகிய ரீங்காரம் விட்டு விட்டுக் கேட்கும். அந்த நொடியில் மஞ்சள் தூள் அதன் வயிற்றின் மேல் கொட்டும். வளர்ப்புத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. பின்னர் நோமியா தூளைப் பின்னங்கால் மயிர்களில் உலர்ந்த பொடியாகச் சேர்த்துக்கொள்ளும். வளர்ப்புத் தேனீயைப் போல ஈர உருண்டையாகப் பிடிக்காது. உங்கள் முதல் படத்தில் கால் முழுவதும் மாவு அப்பியது போல் தெரிவது அதுதான்.

இதன் நெருங்கிய உறவான நோமியா மெலாண்டெரி என்ற காரமண் தேனீயை, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் குதிரைமசால் விதைக்காகப் பயிரிடுவோர், மண்ணடியில் குழாய் புதைத்து ஈரமூட்டி, மேற்பரப்பில் உப்பிட்டு, பாத்தி கட்டியே பேணுகிறார்கள். அந்த அளவுக்கு நீங்கள் செய்ய வேண்டியதில்லை. துளையுள்ள பகுதியை நான்கு குச்சி நட்டு அடையாளமிட்டு, மண்வெட்டி படாமல் விட்டாலே போதும். காய்ப்புழுவுக்கு மருந்து தெளித்தே ஆக வேண்டிய நிலை வந்தால், தேனீக்கள் வளைக்குத் திரும்பிய பின் மாலையில் தெளியுங்கள். அந்த வரப்பின் மேல் சாரல் படக் கூடாது, வேர்வழி ஊற்றும் மருந்தை அதன் ஓரத்துச் செடிகளுக்குத் தவிருங்கள்.

சிற்றினப் பெயர் வேண்டுமென்றால் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் தேவை. பெண்ணுக்கு உணர்கொம்பில் 12 கணுக்களும், ஆணுக்கு 13 கணுக்களும் இருக்கும். ஆணின் பின்னங்கால் தொடை பருத்துக் கோணலாக இருக்கும். நோமியாவில் சிற்றினங்களைப் பிரிக்க அந்தக் காலும், வயிற்றின் அடியில் மறைந்துள்ள தகடுகளும், இனப்பெருக்க உறுப்பும்தான் பெரிதும் உதவுகின்றன. மஞ்சள் கிண்ணத்தில் சோப்பு நீர் வைத்துப் பிடிக்க வேண்டாம். வளைக்கருகில் வைத்தால் அது கூட்டத்தையே அள்ளிவிடும். வலையால் இரண்டை மட்டும் பிடித்து, உறைபெட்டியில் வைத்துக் கொன்று, மார்பின் வலப்பக்கத்தில் ஊசி குத்தி உலர்த்துங்கள். பிடித்த நாள், இடம், எந்தப் பூவில் அல்லது எந்தத் துளையில் என்பதைப் பென்சிலால் எழுதிய சீட்டை அதே ஊசியில் கோத்துப் பூச்சியியல் துறை உள்ள வேளாண் கல்லூரிக்கு அனுப்புங்கள். கொல்ல மனமில்லையென்றால், சிறு குப்பியில் அடைத்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் பத்து நிமிடம் வைத்தால் அது மரத்துப்போய் அசையாதிருக்கும். முகம், சிறகு, மார்பின் பின்பகுதி, பின்னங்கால் ஆகிய நான்கையும் நெருக்கமாகப் படமெடுத்துவிட்டு, பிடித்த இடத்திலேயே வெயிலில் விட்டால் சிறிது நேரத்தில் பறந்துவிடும்.