அரிசியை விடுங்கள், பாஸ்புக்கைப் பாருங்கள்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் குடும்பங்களுக்கு மாதாமாதம் அரிசி, மளிகை கொடுக்கலாம் என்று நண்பர்கள் ஐந்தாறு பேர் நினைத்திருக்கிறோம். கையில் பணம் கொஞ்சம்தான். வேறு ஏதாவது செய்தால் பலன் கூடுமா?

— ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

அரிசி ரேஷனில் விலையில்லாமலே வருகிறது. அவர்கள் காசு எங்கே கரைகிறது என்று முதலில் பாருங்கள்.

ஆயிரம் பீடிக்கு 600, 700 கிராம் பீடி இலை, 200, 250 கிராம் புகையிலைத் தூள் என்று கம்பெனிக் கடையில் நிறுத்துக் கொடுப்பார்கள். இலையில் பொத்தலும் தடித்த நரம்பும் இருந்தால் அந்த எடைக்கு ஆயிரம் தேறாது. நனைத்த இலையில் ஈரம் கூடினால் பூசணம் பிடிக்கும், குறைந்தால் சுற்றும்போதே கீறும். பற்றாத இலையைக் கைக்காசு போட்டு வாங்க வேண்டியதுதான். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு ஆயிரம். மெலிசு, மடிப்பு சரியில்லை என்று கடையில் கழித்தால் அதற்குக் கூலி கிடையாது. பல இடங்களில் கழித்த பீடியும் திரும்ப வராது. இது சங்கம் பேச வேண்டிய விஷயம், நீங்கள் போய் நின்று ஆகப்போவதில்லை.

உங்களால் முடிந்தது பி.எஃப், அதாவது வருங்கால வைப்பு நிதி. வீட்டிலிருந்து சுற்றுகிறவர்களுக்கும் அது உண்டு என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் மாமியார், மருமகள் இருவர் சுற்றியதையும், கடையில் பீடிக்கணக்கு எழுதும் ஒரே பாஸ்புக்கில் ஏற்றுவது சகஜம். புத்தகம் இல்லாதவர் முப்பது வருஷம் சுற்றினாலும் கணக்கில் அவர் இல்லை. முதலில் அவருக்குத் தனிப் புத்தகம் கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பெயர். கம்பெனிப் பதிவில் 'பாத்துமுத்து', ஆதாரில் 'பாத்திமுத்து பீவி'. பிறந்த வருஷம் சேரும்போது யாரோ குத்துமதிப்பாகச் சொன்னது. பி.எஃப் பதிவு, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள். மாறியிருந்தால் ஜாயின்ட் டிக்ளரேஷன் என்கிற திருத்த விண்ணப்பம் போட வேண்டும். பழைய கணக்குகளுக்குப் பெரும்பாலும் கம்பெனியின் ஒப்புதலும் வேண்டும். கம்பெனி மூடிவிட்டால் அலைச்சல் பல மடங்கு. ஆகவே பென்ஷன் வயதான 58 வரட்டும் என்று காத்திருக்க விடாதீர்கள்.

பென்ஷனுக்குப் பத்து வருஷப் பிடித்தம் தேவை. ஒன்பதரை இருந்தாலே பத்தாகக் கணக்கு. மகள் கல்யாணத்துக்கு வேலையை விட்டு, 10சி படிவத்தில் பென்ஷன் பணத்தையும் எடுத்துவிடுகிறவர்கள் நிறைய. அதோடு பழைய சர்வீஸ் போய்விடும். அதே 10சி-யில் பணத்துக்குப் பதில், பழைய சர்வீஸைக் காட்டும் ஸ்கீம் சர்ட்டிபிகேட் கேட்டு வாங்கினால், பிறகு சேரும் வருஷங்களோடு கூட்டிக்கொள்ளலாம். குறைந்தபட்ச பென்ஷன் 2014-லிருந்து ஆயிரம் ரூபாய். அற்பம்தான், ஆனால் மகன் முகத்தைப் பார்க்காமல் மாத்திரை வாங்கலாம். சர்வீஸில் இருக்கும்போது இறந்த பெண்ணின் கணவருக்கும் பென்ஷன் உண்டு, ஒரு மாதப் பிடித்தம் இருந்தாலே போதும். இது தெரியாமல் பி.எஃப் தொகையை மட்டும் வாங்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.

உங்கள் குழுவில் இரண்டு பெண்களாவது இருக்கட்டும். பீடிக்கடையில் கட்டு எடுக்கும் நேரத்தில் போகாதீர்கள், வீட்டில் ஆள் இருக்காது.