மேட்லாப் நிரல்மொழியில், இஃப் நிபந்தனையில் முழு அணியைக் கொடுத்தால் என்ன ஆகும்?

எக்ஸ் = [4 -1 9] என்று வைத்து, 'இஃப் எக்ஸ் > 0' என்றால் ஒய் வர்க்கமூலம், எல்ஸ் என்றால் ஒய் = 0 என எழுதியிருக்கிறீர்கள். மூன்று விடைக்குப் பதில் ஒரே ஒரு 0 வருகிறது என்கிறீர்கள். மேட்லாப் பிழைச் செய்தியும் காட்டாது, அதனால்தான் இது ஆளைக் குழப்பிவிடும்.

எக்ஸ் > 0 இங்கே தருவது [1 0 1] என்ற அணி. இஃப் ஒவ்வொரு உறுப்பாகப் போய்ப் பார்ப்பதில்லை. எல்லா உறுப்பும் உண்மையாக இருந்தால்தான் உள்ளே நுழையும். நடுவில் ஒரு 0 இருக்கிறதே, அதனால் நேராக எல்ஸுக்குப் போய்விட்டது.

இஃப்-ஐ எடுத்துவிடுங்கள். முதலில் எக்ஸ் அளவுக்கே ஒய் என்று ஒரு பூஜ்ய அணி. அப்புறம் எக்ஸ் > 0 தருவதை மாஸ்க் என்று சேமித்து, ஒய்(மாஸ்க்)-இல் எக்ஸ்(மாஸ்க்)-இன் வர்க்கமூலத்தைப் போடுங்கள். [2 0 3] வரும். ஃபார் சுற்றுக்குள் இஃப் போட்டாலும் சரிதான், ஆனால் இது படிக்கவே தெளிவாக இருக்கும்.

உங்கள் நிரலின் கடைசி வரியில் இருக்கும் 0 < எக்ஸ் < 5-ஐயும் மாற்றிவிடுங்கள். 0 < எக்ஸ் முதலில் 0 அல்லது 1 ஆகிவிடும். இரண்டுமே 5-ஐவிடச் சிறியவை, எனவே எப்போதும் உண்மைதான். (0 < எக்ஸ்) & (எக்ஸ் < 5) என்று பிரித்து எழுதுங்கள்.