தோட்டத்து வீட்டில் துப்பாக்கி

கேள்வி: ஐயா, நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். காங்கேயம் பக்கம் தோட்டத்து வீட்டில் அப்பாவும் (68) அம்மாவும் மட்டும்தான். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் ஒரே வீட்டில் மூன்று பேர், 2025-ல் சிவகிரி பக்கம் வயதான தம்பதி என்று கொலைச் செய்தி படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. அப்பாவுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வாங்கலாமா? சுட்டால் நம்மேலேயே கேஸ் வருமா?
- பெயர் வேண்டாம், பெங்களூர்

பதில்: வாங்கலாம் தம்பி. உயிருக்கு ஆபத்து என்று காரணம் சொல்லி கலெக்டர் ஆபீஸில் மனு போட வேண்டும், போலீஸ் விசாரிப்பார்கள், கிடைத்தால் 5 வருடம் செல்லும், தேர்தல் வந்தால் ஒப்படைக்கச் சொல்வார்கள். அதெல்லாம் அலைந்தால் முடிகிற வேலை. ராத்திரி 2 மணிக்கு நாய் குரைத்தால் அப்பா என்ன செய்வார் என்பதுதான் எனக்குக் கவலை.

என் பெரியப்பாவிடம் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. ஒரு ராத்திரி கிணற்று மேட்டில் ஆள் நடமாட்டம் தெரிந்ததும் தோட்டா போட்டு, திண்ணையில் நின்று குறியே வைத்துவிட்டார். பின்னாலிருந்து பெரியம்மா டார்ச் அடித்த பிறகுதான் தெரிந்தது, அது பங்காளி வீட்டு அண்ணன், மும்முனை கரண்ட் வந்துவிட்டதென்று மோட்டார் போட வந்தவர். விடிந்தும் பெரியப்பாவுக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை, காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் கீழே வைத்துவிட்டார்.

பயத்தில் உடம்பு அப்படித்தான் ஆகும். பார்வை குறுகிவிடும், விரல் சொன்னபடி கேட்காது. அதனால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இதைச் செய்து பாருங்கள்: விளக்கை அணைத்துவிட்டு, படுக்கையிலிருந்து எழுந்து கண்ணாடி தேடிப் போட்டு, சாவி எடுத்து, துப்பாக்கி வைக்கப்போகும் பீரோவைத் திறக்க அப்பாவுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? அந்த நேரம் வரை முன்கதவு தாங்குமா? தாங்காது என்றால் முதல் செலவு கதவுக்கு. அப்புறம் உள்தாழ்ப்பாள் உள்ள ஒரு அறை, வெளி விளக்குக்குக் கட்டில் பக்கத்திலேயே சுவிட்ச், சார்ஜ் உள்ள போன், அதில் அவசர உதவிக்கு 112. சத்தம் கேட்டால் கதவைத் திறந்து வெளியே போகவே கூடாது, இதை அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.

கேஸ் வருமா என்றால், விசாரணை நிச்சயம் இருக்கும். பாரதிய நியாய சன்ஹிதா என்கிற குற்றவியல் சட்டத்தில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. கொன்றுவிடுவார்கள் என்று நியாயமாகப் பயப்படும் நிலையில், இருட்டிய பிறகு வீட்டை உடைத்து நுழைகிறவனை, உயிர் போகும் அளவுக்குக்கூடத் திருப்பித் தாக்கலாம். தேவைக்கு மேல் போகக் கூடாது. தேங்காய் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடுகிறவனை முதுகில் சுட்டால் அது தற்காப்பு ஆகாது.

அப்பாவிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள், எதிரில் ஒரு ஆள் நின்றால் சுட முடியுமா என்று. தயங்கினால் லைசென்ஸ் பேச்சை விட்டுவிடுங்கள், தயங்குகிற கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்குவது சுலபம். முடியும் என்றால் முதலில் பயிற்சி, நீங்களும் கூடப் போங்கள். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருகிற வீடு என்றால் தோட்டா ஒரு இடத்தில், துப்பாக்கி வேறு இடத்தில், இரண்டும் பூட்டில் இருக்க வேண்டும். அப்போது பீரோ திறக்கிற நேரம் இன்னும் கூடும், அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.