சைஸ் பண்ண கேஸ் சேம்பருக்குள்ள ஏன் இறுகுது? டையை எவ்ளோ இறக்கணும்?

டெக்சாஸ்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். புதுசா படிக்கறவங்களுக்கு ஒரு வரி: சுட்ட தோட்டாவோட பித்தளை கூடுதான் கேஸ், அதை ப்ரெஸ்ல வெச்சு டைங்கற அச்சுக்குள்ள தள்ளி இறுக்கறது சைஸ் பண்றது, அப்புறம் திரும்ப நிரப்பி தோட்டாவாக்கறது ரீலோட்; ரைபிள்ல தோட்டா உக்கார்ற குழி சேம்பர், அதை பின்னாடி இருந்து மூடறது போல்ட். ரெமிங்டன் 700, .308 வின்செஸ்டர், போல்ட் ஆக்‌ஷன். முதல்ல டை கூட வந்த தாள்ல போட்டிருந்தபடியே ஷெல் ஹோல்டர் (ப்ரெஸ்ல கேஸோட அடியை பிடிக்கற துண்டு) டைல முட்டினதும் இன்னொரு கால் சுத்து இறக்கி செட் பண்ணி ரீலோட் பண்ணிட்டிருந்தாராம், அஞ்சாவது தடவை சுடும்போது கேஸோட அடிப்பக்கம் சுத்தி பளபளன்னு ஒரு கோடு தெரிஞ்சிருக்கு, ஒரு கேஸ் ரெண்டாவே பிரிஞ்சு முன்பாதி சேம்பர்ல மாட்டிக்கிச்சு. யாரோ "ஷோல்டரை (கேஸ் உடம்பு கழுத்தா குறுகற சரிவு) ரொம்ப தள்ளிட்டீங்க, டையை மேல ஏத்துங்க"ன்னு சொல்ல, தம்பி முட்டற இடத்தை விட கால் சுத்து மேல ஏத்திட்டார். இப்போ சுட்ட கேஸை அப்படியே திரும்ப போட்டா போல்ட் சுலபமா மூடுது, அதே கேஸை சைஸ் பண்ணிட்டு போட்டா மூடவே மாட்டேங்குது. "சைஸ் பண்ணா சின்னதாத்தானே ஆகணும், எப்படிண்ணே பெருசாகும்?"னு கேக்கறார்.

தம்பி, நெசமாவே பெருசாகுது. ரைபிள்ல ஒரு கோளாறும் இல்ல, டைலயும் இல்ல. உங்க ரெண்டு பிரச்சனைக்கும் காரணம் ஒண்ணேதான், டையை அளவு பார்த்து செட் பண்ணாம சுத்து எண்ணி செட் பண்ணியிருக்கீங்க.

.308 கேஸ் சேம்பருக்குள்ள எதுல முட்டி நிக்குதுன்னா ஷோல்டர்ல. அந்த 20 டிகிரி சரிவுல, விட்டம் 0.400 இன்ச் இருக்கற இடத்தை டேட்டம்னு வெச்சுக்கறாங்க, கேஸ் அடியில இருந்து அந்த டேட்டம் வரைக்கும் உள்ள தூரம்தான் நாம பேசற அளவு. அமெரிக்காவுல தோட்டா, துப்பாக்கி அளவுகளை வகுக்கற சாமி (SAAMI) அமைப்போட ஸ்டாண்டர்டுபடி .308 சேம்பர்ல இது 1.630ல இருந்து 1.640 இன்ச் வரைக்கும் இருக்கலாம், தோட்டால 1.627ல இருந்து 1.634 வரைக்கும். அதாவது ரெண்டு நல்ல ரைபிளுக்கு நடுவுலயே 10 தௌ வித்தியாசம் வரலாம் (தௌன்னா இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு, மில்லிமீட்டர்ல 0.025 சொச்சம்). டை கம்பெனிக்காரன் உங்க சேம்பரை பார்த்ததில்ல, அவன் தாள் எந்த ரைபிளா இருந்தாலும் தோட்டா உள்ள போகணும்னு எழுதினது. அதனாலதான் அது கேஸை தேவைக்கு மேல குறுக்கிடுது.

இப்போ பெருசாகற கதைக்கு வருவோம். சுட்ட கேஸ் சேம்பர் சுவர் வரைக்கும் உப்பியிருக்கும். ரேமை (ப்ரெஸ்ல கேஸை டைக்குள்ள தள்ளற தண்டு) தூக்கும்போது டை முதல்ல பிடிக்கறது கேஸோட உடம்பைத்தான், ஷோல்டரை இல்ல. கொழுக்கட்டை மாவை கைக்குள்ள வெச்சு இறுக்கினா விரல் சந்துல பிதுங்கிட்டு வரும்ல, அதே மாதிரி உடம்பை சுத்தி அழுத்தும்போது பித்தளை எங்கயாவது போய்த்தானே ஆகணும், அடிப்பக்கம் கெட்டியா இருக்கு, அதனால முன்னாடி நகர்ந்து ஷோல்டரை மேல தூக்கிடுது. டையை இன்னும் இறக்கினாத்தான் டையோட ஷோல்டர் வந்து அதை திரும்ப கீழ தள்ளும். நீங்க கால் சுத்து ஏத்தினதால உடம்பு இறுகிடுச்சு, ஷோல்டர் எழும்பிடுச்சு, அதை தள்ளறதுக்கு முன்னாடியே ரேம் நின்னுடுச்சு. அந்த பாதி வேலைல நிக்கற கேஸைத்தான் நீங்க சேம்பர்ல திணிச்சுப் பாக்கறீங்க. ப்ரெஸ் த்ரெட் 7/8-14, இன்ச்சுக்கு 14 சுத்து, அதனால ஒரு முழு சுத்துன்னா 71 தௌ, கால் சுத்துன்னா 18 தௌ. நமக்கு வேண்டியது 2 தௌ. அதை கால் சுத்து அரை சுத்துன்னு பேசினா எப்படி பிடிபடும்?

அளக்கறதுக்கு ஒரு கேலிப்பர், அதுல மாட்டற ஹெட்ஸ்பேஸ் கம்பேரட்டர் (டேட்டம் வரைக்கும் அளக்கற துணைக்கருவி) போதும். ஹார்னடி செட்ல .308க்கு 0.400 புஷ்ஷிங் (ஷோல்டர் மேல உக்கார்ற வளையம்) வரும், Dன்னு எழுத்து போட்டிருக்கும். ஒண்ணு மட்டும் புரிஞ்சுக்கங்க, அது காட்டற நம்பரை சாமி நம்பரோட ஒப்பிடாதீங்க, புஷ்ஷிங் விளிம்பு எப்படி வெட்டியிருக்குங்கறதை பொறுத்து கொஞ்சம் முன்னபின்ன காட்டும். சுட்ட கேஸுக்கும் சைஸ் பண்ண கேஸுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு முக்கியம், அது எந்த புஷ்ஷிங்லயும் சரியாவே வரும்.

அளக்கறதுக்கு முன்னாடி சுட்ட ப்ரைமரை (கேஸ் அடியில பவுடரை பத்தவைக்கற சின்ன மூடி) எடுத்துடுங்க, சைஸ் பண்ணாம ப்ரைமர் மட்டும் எடுக்கற டீகேப்பிங் டை தனியா கிடைக்குது. இதை நிறைய பேர் விட்டுடறாங்க. சுட்ட ப்ரைமர் அடிமட்டத்தை விட லேசா துருத்திட்டு நிக்கும், ஃபயரிங் பின் அடிச்ச குழிய சுத்தி ஒரு சின்ன வரப்பும் எழும்பியிருக்கும், அது மேல கேலிப்பர் உக்காந்தா 3, 4 தௌ கூட காட்டும், நீங்க அதை நம்பி டையை செட் பண்ணுவீங்க. கேஸ் வாயில பிசிறு இருந்தா, அடியில எஜெக்டர் (சுட்ட கேஸை வெளிய தள்ளற உறுப்பு) கீறின மேடு இருந்தா அதையும் பாருங்க. கேலிப்பர் தாடையை துடைச்சு, சைபர் பண்ணி, கேஸை மெதுவா உருட்டிக்கிட்டே படிங்க. ஒரு கேஸை நம்பாதீங்க, அஞ்சு கேஸாவது அளந்து அதுல நீளமானதை எடுத்துக்கங்க.

ஒரே ஒரு தடவை சுட்ட கேஸ் சேம்பர் அளவை முழுசா காட்டாது. புது பித்தளை முதல் சூட்டுல முழுசா ஷோல்டர் வரைக்கும் போய் நிறையாது, சுட்டதும் கொஞ்சம் பின்வாங்கவும் செய்யும், மெதுவான லோடா இருந்தா இன்னும் குறைவு. அதனால அதே ரைபிள்ல ரெண்டு மூணு தடவை சுட்டு, போல்ட் மூடும்போது லேசா இறுக்கம் தெரிய ஆரம்பிச்ச கேஸ் இருந்தா அதுதான் உங்க சேம்பரோட உண்மையான அச்சு. ரேஞ்ச்ல பொறுக்கின கேஸை இதுக்கு வெச்சுக்காதீங்க, அது வேற எவனோட சேம்பரையோ காட்டும்.

இப்போ டை. டையை ப்ரெஸ்ல இறுக்கிப் பிடிக்கற லாக் ரிங்கை தளர்த்தி, ஷெல் ஹோல்டர் முட்டற இடத்துல இருந்து கால் சுத்து மேல வெச்சு ஆரம்பிங்க, அதாவது இப்போ நீங்க நிக்கற இடமே சரி. எக்ஸ்பேண்டரை (டைக்குள்ள இருந்து கேஸ் கழுத்தை விரிக்கற உருண்டை) கழட்டி வெச்சுடுங்க, ஏன்னு பின்னால சொல்றேன். ஒரு கேஸுக்கு வேக்ஸ் (டைக்குள்ள வழுக்கிட்டு போறதுக்கான மெழுகு) தடவி, சைஸ் பண்ணி, துடைச்சு, அளந்து பாருங்க. என் ரைபிள்ல போன தடவை புது டை செட் பண்ணப்போ நோட்டுல எழுதினது இப்படி இருக்கு: சுட்டது 1.630, முதல் சைஸ் 1.634, கொஞ்சம் இறக்கி 1.635, இன்னும் இறக்கி 1.633, அப்புறம் 1.630, கடைசியா 1.6285. ரெண்டாவது தடவை டையை இறக்கியும் நம்பர் ஏறுது பாருங்க, அந்த இடத்துல பயந்து நிறுத்திடக்கூடாது, ஷோல்டர் இன்னும் எழும்பிட்டிருக்குன்னு அர்த்தம், அடுத்தடுத்து இறக்கினா திரும்பி வரும். நம்பர் இறங்க ஆரம்பிச்சதும் கையை அடக்கிக்கணும். 1 தௌங்கறது டைல அஞ்சு டிகிரிதான், கடிகார முகத்துல ஒரு நிமிஷ கோடு நகர்றதை விட கம்மி, அதனால டை மேலயும் ப்ரெஸ் மேலயும் மார்க்கர்ல ஒரு கோடு போட்டுக்கிட்டா எவ்ளோ நகர்ந்ததுன்னு கண்ணுக்கு தெரியும். ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு வேக்ஸ், ரேம் மேல நின்னதும் மூணு நாலு செகண்ட் அப்படியே பிடிச்சிருக்கறது, இந்த ரெண்டும் இருந்தாத்தான் நம்பர் தாவாது. முடிஞ்சா ஒவ்வொரு செட்டிங்குக்கும் இன்னும் சைஸ் பண்ணாத வேற கேஸ் எடுங்க, ஒரே கேஸை அஞ்சு தடவை உள்ள விட்டு எடுத்தா அது காட்டற நம்பர் வேற மாதிரி வரும்.

எங்க நிறுத்தணும்? போல்ட் ஆக்‌ஷனுக்கு சுட்ட அளவுல இருந்து 1 முதல் 2 தௌ கீழ. செமி ஆட்டோன்னா 3ல இருந்து 5, அங்க போல்ட் முழுசா மூடியே ஆகணும், கையால தள்ளி மூட ஆள் இல்ல, அதனால அதுல கஞ்சத்தனம் ஆபத்து.

நம்பர் சொல்றதை போல்ட்கிட்டயும் ஒரு தடவை கேட்டுடுங்க. போல்ட்டை வெளிய எடுத்து ஃபயரிங் பின் அசெம்ப்ளியை கழட்டணும், 700ல எஜெக்டர் ஸ்ப்ரிங் வெச்ச ஊசி, அதையும் எடுக்கணும், இல்லாட்டி அந்த ஸ்ப்ரிங் தள்ளறதை கேஸ் இறுக்கம்னு நினைச்சுடுவீங்க. வெறும் போல்ட் வெறும் சேம்பர்ல கைப்பிடி தானா கீழ விழும். சைஸ் பண்ண காலி கேஸை போட்டு (பவுடர், ப்ரைமர், புல்லட் எதுவும் இல்லாத கேஸ், இதுல விளையாட்டு வேண்டாம்) போல்ட்டை தள்ளி கைப்பிடியை விடுங்க. நடுவுல நின்னா இன்னும் நீளம். விரலால லேசா தொட்டதும் இறங்கினா சரியான இடத்துக்கு பக்கத்துல இருக்கீங்க. தானா சட்டுனு விழுந்தா ஒரு இடைவெளி வந்துடுச்சு, அந்த இடத்துல லாக் ரிங்கை இறுக்கிடலாம். இறுக்கும்போது ரேமை கேஸோட மேல தூக்கி வெச்சு இறுக்குங்க, த்ரெட் ஆட்டம் இல்லாம உக்காரும்.

எக்ஸ்பேண்டரை இப்போ திரும்ப மாட்டி இன்னொரு கேஸ் சைஸ் பண்ணி அளங்க. நெக் (கேஸ் கழுத்து) உள்ள காய்ஞ்சிருந்தா வெளிய வரும்போது அந்த உருண்டை நெக்கை பிடிச்சு இழுத்து ஷோல்டரையே 1, 2 தௌ முன்னாடி கொண்டு வந்துடும், நீங்க கஷ்டப்பட்டு செட் பண்ணது அங்க போயிடும். நெக் உள்ள லேசா வேக்ஸ் தொட்டாலே பெரும்பாலும் சரியாயிடும். இது முடிஞ்சதும் மொத்த நீளத்தையும் பாருங்க, .308க்கு அதிகபட்சம் 2.015, ட்ரிம் பண்ணா 2.005. இதை தாண்டினா கேஸ் வாய் சேம்பர் முனையில போய் புல்லட்டை நெரிக்கும், ப்ரெஷர் ஏறும்.

டை முழுசா ஷெல் ஹோல்டர்ல முட்டியும் நம்பர் இறங்கலேன்னா உங்க சேம்பர் குட்டை, ஷெல் ஹோல்டர் மேல் பக்கத்தை கொஞ்சம் தேய்ச்சா டை இன்னும் கீழ வரும். எனக்கு இது வந்தது ரொம்ப அபூர்வம். முட்டவெச்சும் அதிகமா தள்ளுதுன்னா ரெட்டிங் கம்பெனில 2, 4, 6, 8, 10 தௌ உயரம் கூட்டின ஷெல் ஹோல்டர் செட் இருக்கு, எனக்கு அதுதான் பிடிக்கும், டையை ஒரு தடவை முட்டவெச்சுட்டா அப்புறம் ப்ரெஸ் வளையறதை பத்தி கவலைப்பட வேண்டாம். ஆறேழு சூட்டுக்கு பிறகு பித்தளை கெட்டியாகி அதே செட்டிங்ல ஷோல்டர் திரும்ப எழும்பும், அப்போ அனீல் பண்ணணும் (சூடாக்கி பித்தளையை மிருதுவாக்கணும்), இல்ல டையை மறுபடி அளந்து செட் பண்ணணும்.

அந்த பழைய கேஸ் லாட் பத்தி நீங்க கேக்கல, ஆனா எனக்கு அதுதான் கவலை. ஷோல்டரை ஒவ்வொரு தடவையும் 6, 8 தௌ பின்னாடி தள்ளியிருப்பீங்க. சுடும்போது ஃபயரிங் பின் கேஸை முன்னாடி தள்ளிடுது, .308ல ப்ரெஷர் 62,000 பிஎஸ்ஐ (சதுர இன்ச்சுக்கு இத்தனை பவுண்ட்) வரைக்கும் போகலாம், மெல்லிய முன் சுவர் சேம்பரை கவ்விக்கிது, கெட்டியான அடி மட்டும் போல்ட் வரைக்கும் பின்னாடி நகருது, ரெண்டுக்கும் நடுவுல பித்தளை இழுபடுது. அந்த பளபள கோடு அதுதான். டை மாத்தினா அது சரியாகாது, இழுபட்டது இழுபட்டதுதான். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியை கூரா தேய்ச்சு சின்னதா ஒரு கொக்கி வளைங்க, கேஸ் வாய் வழியா உள்ள விட்டு அடியில இருந்து சுவரை ஒட்டி மெதுவா மேல இழுங்க, நல்ல கேஸ்ல வழுக்கிட்டு வரும், கெட்டுப்போன கேஸ்ல அரை இன்ச் உயரத்துக்குள்ள ஒரு பள்ளத்துல டக்குனு மாட்டும். விரல்லயே தெரியும். ஒரு கேஸ் பிரிஞ்சிருக்குன்னா அதே தடவைகள் சுட்ட மத்ததும் அந்த நிலைமைலதான் இருக்கும், நான்னா கிளிப்ல மாட்டாததையும் சேர்த்து அந்த லாட் முழுக்க ப்ளையரால வாயை நசுக்கி பழைய பித்தளையா போட்டுடுவேன். புது கேஸ் அம்பது வாங்கி, இந்த முறைப்படி முதல்ல இருந்து ஆரம்பிங்க, முதல் மூணு சூட்டுக்கான அளவையும் எழுதி அனுப்புங்க, சேர்ந்து பாக்கலாம்.