'ஸ்போர்ட்' பேட்ஜுக்குக் கொடுத்த கூடுதல் பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: நான் கோயம்புத்தூரில் வசிக்கிறேன். பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு புதிய ஹேட்ச்பேக் காரின் 'ஸ்போர்ட்' வேரியன்டை வாங்கினேன். எல்லாம் சேர்த்துப் பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகச் செலவானது. அதே காரின் அடுத்த கீழ்நிலை வேரியன்டைவிட இது 1,05,000 ரூபாய் அதிகம். கறுப்பு நிறக் கூரை, சிவப்புத் தையல் போட்ட சீட், பின்னால் ஸ்பாய்லர், இரட்டை எக்ஸாஸ்ட் முனை, கதவிலும் டிக்கியிலும் பேட்ஜ் ஆகியவை இதில் உண்டு. ஆனால் ஓட்டத்தில் எந்த வேறுபாடும் இல்லை. விசாரித்தபோது, இரண்டு வேரியன்டிலும் ஒரே 1.2 லிட்டர் எஞ்சின்தான் என்று தெரிந்தது. எக்ஸாஸ்ட் முனைகளில் ஒன்று வெறும் அலங்காரம். கையேட்டில் இரண்டுக்கும் 83 குதிரைத்திறன் என்று போட்டிருக்கிறார்கள், ஆர்.சி.யில் 61 என்றுதான் இருக்கிறது. காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெற முடியுமா? நான் முன்பதிவு செய்வதற்கு முன் ஷோரூம் விற்பனையாளரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டபோது, "இதில் எஞ்சின் ட்யூனிங் வேறு சார், 15 எச்.பி. கூடுதலாக இருக்கும்" என்று பதில் அனுப்பியிருந்தார். வழக்கு வேண்டாம், எஞ்சினை ரீமேப் செய்து (அதாவது அதைக் கட்டுப்படுத்தும் மென்பொருளை மாற்றி), எக்ஸாஸ்டையும் மாற்றிவிடலாம் என்கிறார் என் மச்சான். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் நீங்கள் முதலில் வைத்திருக்கும் வாதங்கள் வலுவற்றவை, கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கும் வாட்ஸ்அப் பதில்தான் வலுவானது. வழக்கு என்று ஒன்று இருந்தால் அது அந்தப் பதிலின்மீதுதான் நிற்கும்.

முதலில் ஆர்.சி.யில் உள்ள எண்ணை விட்டுவிடுங்கள். 83 என்பது பி.எஸ். என்ற மெட்ரிக் குதிரைத்திறன் அலகில் சொல்லப்பட்டது. ஒரு பி.எஸ். என்பது 0.7355 கிலோவாட். 83-ஐ அதனால் பெருக்கினால் 61 கிலோவாட் வரும். ஆர்.சி.யில் இருப்பது கிலோவாட் கணக்கு; இரண்டும் ஒரே சக்திதான். இதை மனுவில் எழுதினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் வாய்தாவிலேயே இதை எடுத்துக்காட்டி, மனு முழுவதும் இப்படித்தான் என்ற எண்ணத்தை நுகர்வோர் ஆணையத்திடம் உண்டாக்கிவிடுவார்.

அடுத்து பேட்ஜ். 'ஸ்போர்ட்' என்ற ஒரு சொல் மட்டும் சட்டத்தின் பார்வையில் வேகத்துக்கோ சக்திக்கோ கொடுத்த உறுதிமொழி ஆகாது. கார் உலகில் இந்தப் பழக்கம் வெளிப்படையாகவே நடக்கிறது. ஐரோப்பாவில் விற்கப்பட்ட ஹூண்டாய் ஐ20 'என்' காரில் 1.6 லிட்டர் டர்போ எஞ்சினும் 204 பி.எஸ். சக்தியும் இருந்தன. 2021-இல் இந்தியாவுக்கு வந்த ஐ20 'என் லைன்' காரில் இருந்ததோ, அன்றைய சாதாரண ஐ20 டர்போவில் இருந்த அதே 1.0 லிட்டர், 120 பி.எஸ். எஞ்சின், சஸ்பென்ஷனையும் எக்ஸாஸ்ட் ஒலியையும் மட்டும் சற்று மாற்றியிருந்தார்கள். பி.எம்.டபிள்யூவின் 'எம்' காருக்கும் 'எம் ஸ்போர்ட்' வேரியன்டுக்கும், ஆடியின் 'எஸ்' காருக்கும் 'எஸ் லைன்' வேரியன்டுக்கும் உள்ள தொலைவும் இத்தகையதே. நம் ஊரில் ஐ10, ஐ20 கார்களின் நடுத்தர வேரியன்டுக்கே 'ஸ்போர்ட்ஸ்' என்றுதான் பெயர். அதை வாங்கிய எவரும் பந்தயத்துக்குப் போகலாம் என்று நினைத்து வாங்கவில்லை. அம்பாசடரின் பின்கண்ணாடியில் 'டர்போ' என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு ஓடிய டாக்ஸிகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நான் என்பதால், இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பொறுமை அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பொதுவான வியாபாரப் புகழ்ச்சியையும் பொய்யான தகவலையும் பிரித்துப் பார்ப்பதற்கு உச்ச நீதிமன்றம் 1989-இல் லக்கன்பால் நேஷனல் வழக்கில் ஓர் அளவுகோலைத் தந்தது. ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் பேட்டரி தயாரித்த அந்த நிறுவனம், மட்சுஷிதாவின் வணிகப் பெயர்களான 'நேஷனல்', 'பானசோனிக்' ஆகியவற்றின் ஒத்துழைப்பு என்று விளம்பரம் செய்திருந்தது. கூற்றில் பொய்யும் திசைதிருப்பலும் உள்ளனவா, சாதாரண மனிதரிடம் அது என்ன விளைவை ஏற்படுத்தும் என்பவற்றையே பார்க்க வேண்டும் என்று சொன்ன நீதிமன்றம், விளம்பரத்தின் சொற்கள் துல்லியமாக இல்லாவிட்டாலும் மக்கள் அதனால் ஏமாற மாட்டார்கள் என்று கருதி, நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்த அளவுகோலை உங்கள் காரின் பேட்ஜுக்கு வைத்துப் பார்த்தால், கையேட்டில் இரண்டு வேரியன்டுக்கும் 83 என்று அச்சிட்டிருக்கும் நிலையில், பேட்ஜால் மட்டும் ஏமாந்தேன் என்ற வாதம் நிற்காது. எக்ஸாஸ்ட் விஷயத்தில் கையேட்டின் சொல்லைக் கவனமாகப் படியுங்கள். 'இரட்டை முனை' என்று எழுதியிருந்தால் அவர்கள் சொன்னதைக் கொடுத்துவிட்டார்கள்; 'இரட்டை எக்ஸாஸ்ட்' என்று எழுதியிருந்தால் புகை வராத குழாய்க்கு அவர்கள் விளக்கம் சொல்லியாக வேண்டும்.

வாட்ஸ்அப் பதிலின் நிலை இதற்கு நேர்மாறானது. 'ட்யூனிங் வேறு', '15 எச்.பி. கூடுதல்' என்பவை புகழ்ச்சி அல்ல. சரிபார்க்கக்கூடிய, பொய்யென்று காட்டக்கூடிய தகவல்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47)-இல், ஒரு பொருள் குறிப்பிட்ட தரத்தையோ பாணியையோ மாடலையோ சேர்ந்தது என்று பொய்யாகக் கூறுவதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. வாய்மொழியாகவோ எழுத்திலோ காட்சியாகவோ சொன்னாலும் அது பொருந்தும். நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டதும், அவர் இந்தப் பதிலைத் தந்ததும், அதன்பின் நீங்கள் முன்பணம் கட்டியதும் ஒரே உரையாடலில் தேதி நேரத்துடன் இருந்தால், அந்தச் சொல்லை நம்பித்தான் வாங்கினீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று தேவையில்லை.

எதிர்த்தரப்பு இரண்டு விதமாகப் பதில் சொல்லும். கையேட்டைப் பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்குமே என்பது முதலாவது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 19-இல் இதற்கு ஓரளவு இடம் உண்டு: சாதாரணக் கவனத்தோடு உண்மையை அறிந்துகொள்ளும் வாய்ப்பு ஒருவருக்கு இருந்தால், தவறான எடுத்துரைப்பை (உண்மை என்று நம்பியே சொன்ன தவறான தகவலை) காரணம் காட்டி அவர் ஒப்பந்தத்தை ரத்துசெய்ய முடியாது. ஆனால் அந்த விதிவிலக்கு தவறான எடுத்துரைப்புக்கும் மோசடியான மௌனத்துக்கும்தான். தெரிந்தே பொய் சொன்னவருக்கு அது கேடயம் ஆகாது. தான் விற்கும் வண்டியின் சக்தி தெரியாமல்தான் 15 எச்.பி. என்ற எண்ணைச் சொன்னேன் என்று ஒரு விற்பனையாளர் சொன்னால், அதை நம்புவது கடினம். முன்பதிவுப் படிவத்தில் 'ஊழியர்கள் வாய்மொழியாகச் சொல்வது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது' என்று பொடி எழுத்தில் இருக்கும் என்பது இரண்டாவது. அநேகமாக இருக்கவும் செய்யும், எடுத்துப் பாருங்கள். விற்பனைக்காகவே அமர்த்தப்பட்ட ஊழியர் எழுத்தில் சொன்ன பொய்யை அந்த ஒரு வரி அழித்துவிடாது என்பது என் கருத்து.

யார்மீது புகார் செய்வது என்பதில் பலர் தவறிவிடுகிறார்கள். தயாரிப்பாளரின் பெயர் பெரிது என்பதற்காக அவரை முதலில் நிறுத்தாதீர்கள். தயாரிப்பாளருக்கும் டீலருக்கும் இடையே உள்ளது முதலாளி-முகவர் உறவு அல்ல, சரக்கை விலைக்கு வாங்கி விற்கும் இரு தனித் தரப்பினரின் உறவு என்றால், தயாரிப்பாளருக்குத் தெரியாமல் டீலர் செய்த தவறுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பாக மாட்டார் என்று 2021 பிப்ரவரியில் டாட்டா மோட்டார்ஸின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2011 மாடல் என்று சொல்லி, 622 கிலோமீட்டர் ஓடிய 2009 மாடல் காரை ஒரு டீலர் விற்ற வழக்கு அது. ஆகவே டீலர் முதல் எதிர்த்தரப்பினராக இருக்கட்டும். தயாரிப்பாளரின் விளம்பரத்திலோ இணையப் பக்கத்திலோ செயல்திறன் கூடுதல் என்று பொருள்படும் வாசகம் இருந்தால் மட்டும் அவரையும் சேருங்கள். அப்படியொரு வாசகம் இருந்தால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடமும் முறையிடலாம். தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்ச ரூபாய் வரை அபராதம் விதிக்க அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் அந்தப் பணம் உங்களுக்கு வராது.

இனி, என்ன கேட்கலாம் என்பது. பதினான்கு மாதம் ஓட்டிய காரைத் திருப்பிக் கொடுக்க முடியாது. சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 13-இன்படி, பொருளை ஏற்றுக்கொண்டபின் நிபந்தனை மீறலை உத்தரவாத மீறலாக மட்டுமே கருத முடியும். பொருளை நிராகரிக்க முடியாது, நஷ்டஈடு மட்டுமே கேட்கலாம். மேலும் காரில் குறைபாடு எதுவும் இல்லை. கையேட்டில் சொன்ன 83-ஐ அது தருகிறது. நீங்கள் கேட்க வேண்டியது 1,05,000 ரூபாயும் அதற்கு வட்டியும், மன உளைச்சலுக்கு ஒரு தொகையும், வழக்குச் செலவும். முழுத் தொகையும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஸ்பாய்லர், சீட் உறை போன்ற பொருள்கள் உண்மையாகவே உங்களிடம் இருப்பதால் அவற்றின் மதிப்பைக் கழிக்கும்படி எதிர்த்தரப்பு கேட்கும். அந்தக் கோரிக்கையில் நியாயமும் இருக்கிறது.

சக்தியை நிரூபிக்க வண்டியை டைனோ என்ற சக்தி அளக்கும் கருவியில் ஏற்றிப் பரிசோதிக்க வேண்டுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். வேண்டாம். தனியார் கடைகளில் உள்ள சேசிஸ் டைனோ சக்கரத்தில் வரும் சக்தியை அளக்கிறது. கியர்பாக்ஸிலும் டயரிலும் இழப்பு ஏற்படுவதால் எந்த நல்ல காரிலும் அந்த எண் எஞ்சின் கணக்கைவிடக் குறைவாகவே வரும், அதைச் சான்றாக வைத்தால் வீண் குழப்பம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38-இன்படி ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்றாலும், கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டும், மூன்று மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்லும் வழக்குக்கு ஐந்து மாதக் கெடு ஆகிவிடும். இரண்டு வேரியன்டும் ஒரே சக்தி கொண்டவை என்பதை அவர்களுடைய கையேடே சொல்லும்போது அந்தச் செலவு எதற்கு?

கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே நீங்கள் மனுச் செய்யலாம்; புகார்தாரர் வசிக்கும் இடத்தில் தாக்கல் செய்ய 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது. கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம்தான். ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையிலான விலைக்குக் கட்டணம் 200 ரூபாய். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் என்ற கெடுவில் உங்களுக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. உண்மை தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம் என்ற வாதத்தை நம்பித் தாமதிக்காதீர்கள். கார் உங்கள் பெயரில் இல்லாமல் நிறுவனத்தின் பெயரில் இருந்தால் மட்டும் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், 'வணிக நோக்கம்' என்ற எதிர்வாதம் அங்கே எழும்.

அதற்கு முன் டீலருக்குப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். இந்த அளவு தொகைக்குப் பெரும்பாலும் இலவச சர்வீஸோ கூடுதல் வாரண்டியோ தர டீலர் முன்வருவார். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் 'முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்து கேட்டால், அதன்பின் வழக்கு இல்லை என்று தெரிந்தே போடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் வைக்காமல் முழுவதுமாக ஏற்றுமதி செய்து, அச்செடுத்து, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 2023-இன் பிரிவு 63(4) கேட்கும் சான்றிதழுடன் இணையுங்கள். நுகர்வோர் ஆணையம் சாட்சியச் சட்டத்தின் நுணுக்கங்களுக்குக் கண்டிப்பாகக் கட்டுப்பட்டதல்ல என்றாலும், அதை வைத்து வாய்தா வாங்க எதிர்த்தரப்புக்கு வழி விடக் கூடாது. அந்த ஃபோனை மாற்றவோ விற்கவோ வேண்டாம்.

உங்கள் மச்சானின் யோசனையைப் பற்றி. மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் கேரளப் போக்குவரத்து அலுவலர் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. பிரிவு 182A(4)-இன்படி அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் தேடுவதும் இத்தகைய மாற்றத்தைத்தான். இவை எல்லாவற்றையும்விட, எஞ்சினை ரீமேப் செய்த மறுநாள் உங்கள் கையில் இருப்பது டீலர் விற்ற கார் அல்ல. ஆகவே ஆணையத்தின் உத்தரவு வரும்வரை எஞ்சினையும் எக்ஸாஸ்டையும் பேட்ஜையும் வாங்கிய நிலையிலேயே வைத்திருங்கள்.